பெட்டிக்குப் போன லோஞ்சு

பஸ்ரியாம்பிள்ளை அண்ணை மேல் எனக்கு ஏழு வருடமாக ஒரு மனக்குறை இருந்தது. மனிசன் எண்பத்திரண்டு வயது மட்டும் இருந்தவர். கடைசி மூன்று வருடமும் படுக்கை. இரண்டு தரம் பங்குச் சுவாமி வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு தரமும் அடுத்த நாளே எழும்பி இருந்து மீன்சொதி கேட்டார். அப்படி இழுத்துக்கொண்டு கிடந்தவர், போவதற்கென்று தேடி எடுத்த நாள் எங்கள் மேர்சியின் கணக்குச் சோதனை நாள். இன்னும் ஒரு நாள் கிடந்திருந்தால் என்ன? வியாழக்கிழமை அவளுக்குச் சோதனை இல்லை. இல்லை, புதன்கிழமைதான் வேண்டும் என்று விடியப்புறம் கண்ணை மூடினார்.

செத்த மனிசனோடு கோபித்துக்கொண்டு திரிகிறவனை நான் கண்டதில்லை. ஆனால் நான் திரிந்தேன். ஆத்துமாக்களின் திருநாளன்று சவக்காலையில் எல்லாருக்கும் மெழுகுதிரி கொளுத்துவேன், அவருடைய குழியைத் தாண்டிப் போய்விடுவேன். என் மனிசி கண்டும் காணாதவள் போல நின்று, பிறகு தானே போய்க் கொளுத்துவாள். அந்த வீட்டு வாசலிலும் நான் மிதிக்கவில்லை.

மேர்சி என் தம்பியின் மகள். தம்பி அப்போது கட்டாரில் கட்டட வேலையில் இருந்தான். போகிற அன்று, "அண்ணை, பிள்ளையின்ரை படிப்பை மட்டும் பாத்துக்கொள். மற்றதெல்லாம் சவுந்தரி பாப்பாள்" என்றான். சவுந்தரி என்பது அவன் மனைவி ஞானசவுந்தரி. நோஞ்சான் உடம்பு, ஆனால் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லாதவள். படிப்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னது எட்டாம் வகுப்போடு வலை தோளில் போட்டவனிடம். மேர்சி அதையும் விட்டுவைக்கவில்லை.

"பெரியப்பா, நீங்கள் பள்ளிக்கூடத்தாலை நிண்டது வாத்தியாருக்குப் பயந்தோ, கணக்குக்குப் பயந்தோ?"

"ரண்டுக்கும்."

"அப்ப எனக்கு ஒண்டுதான் மிச்சம். வாத்தியாருக்கு எனக்குப் பயமில்லை."

உண்மையில் அவளுக்குக் கணக்குக்கும் பயமில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, இறங்குதுறையில் இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வீதி போடுவதற்காக நில அளவைக்காரர் மூன்று பேர் வந்தார்கள். மூன்று காலில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்துப் பார்ப்பார்கள். தூரத்தில் ஒருவர் அளவு எழுதின தடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் தடியைப் பிடிக்க ஆள் கேட்டபோது இவள் ஓடிப்போய் நின்றாள். பகல் முழுக்க வெயிலில் நின்று, பின்னேரம் அந்தக் கண்ணாடிக்குள்ளும் பார்த்துவிட்டு வந்தாள். "நான் இந்த வேலைதான் செய்யப்போறன்" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தோம். அவள் சும்மா சொல்லவில்லை. அந்த வேலைக்குக் கணக்கு வேண்டும், கணக்குப் படிக்க யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும், அதற்கு முதலில் பதினோராம் வகுப்பில் எழுதுகிற ஓ.எல் சோதனையில் கணக்குக்கு நல்ல பெறுபேறு வேண்டும் என்று வரிசையாக எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள்.

எங்கள் தீவு சின்னது. ஊர்காவற்துறைக் கரையில் நின்று பார்த்தால் எங்கள் பனைகள் தெரியும். கடலால் அரை மணித்தியாலம். பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்பு வரைக்கும் உண்டு, சோதனை மண்டபம் இல்லை. சோதனை எழுத ஊர்காவற்துறைக்குத்தான் போக வேண்டும். போகிற லோஞ்சு கடற்தொழிலாளர் சங்கத்தினுடையது. சங்கத்துக்குத் தலைவர் நான். லோஞ்சை ஓட்டுகிறவனும் நான். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது.

இப்போது சோதனையை மாசி, பங்குனி, வைகாசி என்று மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அப்போது மார்கழியில் வரும். வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற மாதம். அந்த வருடம் எங்கள் தீவில் இருந்து ஐந்து பிள்ளைகள் எழுதினார்கள். கார்த்திகை முடிவில் ஊர்காவற்துறைக் கன்னியர் மடத்தில் இருந்து ஒரு சிஸ்டர் வந்து, சோதனை முடியும்வரை பிள்ளைகள் தங்களோடு வந்து நிற்கலாம், சாப்பாடு படுக்கை எல்லாம் தாங்கள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனா. நாலு வீட்டில் ஓம் என்றார்கள்.

மேர்சியும் வந்து கேட்டாள். "பெரியப்பா, நானும் அவையளோடை போய் நிக்கட்டே?"

"ஏன், எங்கடை வீட்டிலை சோறில்லையே?"

"சோத்துக்கில்லை. கடல் பொங்கினால் என்ன செய்யிறது?"

"நான் ஓட்டாத கடலே? எங்கடை பிள்ளைக்கு எங்கடை லோஞ்சு இருக்கு. கண்ட இடத்திலை போய்ப் படுக்கத் தேவையில்லை."

அவள் தாயைப் பார்த்தாள். ஞானசவுந்தரி என்னைப் பார்த்து, "அத்தான் சொன்னால் சரி" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. தம்பியிடமும் பெரிதாகச் சொன்னேன், நானே தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று. அவன் அங்கிருந்து சந்தோசப்பட்டான்.

சோதனைக்கு முந்தின இரண்டு மாதமும் அவள் படித்த படிப்பைப் போல நான் ஒருவரும் படித்துக் காணவில்லை. சனிக்கிழமைகளில் புளியங்கூடலில் ஒரு மாஸ்ரரிடம் கணக்குக்குப் போவாள். மற்ற நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தாயோடு குந்தி இருந்து வலையில் நண்டு கழற்றுவாள். மடியில் பழைய வினாத்தாள் விரித்துக் கிடக்கும். கை நண்டைக் கழற்றும், வாய் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு தரம் நண்டு விரலைக் கவ்விக்கொண்டு தொங்குகிறது, இவள் அந்தக் கேள்வியை முடித்துவிட்டுத்தான் கையை உதறினாள்.

லோஞ்சில் அவளுக்கென்று ஒரு இடம். எனக்குப் பின்னால், வலப்பக்கத்து முதல் பலகை. தனக்கு முன்னால் இருந்த மரச் சாய்மானத்தில் கறுத்த மையால் சூத்திரங்களை எழுதிவைத்தாள். வட்டம், கூம்பு, உருளை, என்னென்னவோ.

"சங்கத்துச் சொத்திலை கிறுக்கிறாய்" என்றேன்.

"சோதினை முடிய மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு விடுறன் தலைவர்."

என்னைப் பகிடி பண்ணும்போது தலைவர் என்பாள். லோஞ்சில் வருகிற சனம் எல்லாம் அந்தச் சூத்திரங்களை வாசித்துக்கொண்டுதான் வந்தது. மீன் விற்கப் போகிற பெண்கள்கூட ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரிப்பார்கள், கூம்பின்ரை கனவளவு என்னடி என்று.

சமயம், தமிழ், விஞ்ஞானம் எல்லாம் நல்லபடி எழுதினாள். காலை ஆறரைக்குக் கொண்டுபோவேன், மண்டபத்து வாசல் வரைக்கும் போய் விடுவேன், வெளியே வரும் மட்டும் துறையில் நிற்பேன். வந்து ஏறினவுடன் வினாத்தாளை விரித்து விடைகளைத் தனக்குத் தானே திருத்துவாள்.

இனி அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தீவில் ஒருவர் இறந்தால், உடல் அடக்கம் ஆகும் மட்டும் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. மீன்பிடிக்கும் இல்லை, போக்குவரத்துக்கும் இல்லை. சவப்பெட்டியும் சுவாமியும் வருவதற்காக ஊர்காவற்துறைக்கு ஒரேயொரு ஓட்டம் மட்டும் உண்டு. அதில் ஏறுகிறவர்கள் செத்தவருடைய காரியத்துக்குப் போகிறவர்களாக மட்டும் இருக்க வேண்டும். எனக்கு விபரம் தெரிய முந்தி, அப்படி ஒரு ஓட்டத்தில் சந்தைக்கென்று ஏறின இரண்டு பேர் வள்ளம் புரண்டு கடலில் தாண்டு செத்துப்போனார்கள் என்று சொல்லுவார்கள். அதில் இருந்து ஒருவரும் அந்தக் கட்டை மீறினதில்லை.

மீறின ஒருவனை நானே தண்டித்தும் இருந்தேன். டிலோன் என்கிற பெடியன். முந்தின வருடம் ஒரு கிழவி செத்துக் கிடக்கும்போது நண்டு வலை எடுக்க வள்ளத்தைத் தள்ளினான். நான் கரையில் வைத்து மறித்தேன். அடக்கத்துக்குப் பிறகும் மூன்று நாள் கடலுக்கு இறங்கக்கூடாது என்று சங்கத்தில் தீர்த்தோம். அவனுடைய வலையில் பட்ட நண்டெல்லாம் செத்து நாறிப்போனது. "கிழவிக்கு உள்ள மரியாதை என்ரை நண்டுக்கு இல்லை" என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

அந்தப் புதன்கிழமை கோயில் மணி ஒன்று விட்டு ஒன்றாக அடித்தது, செத்தவருக்கு அடிக்கிற அடி. எழும்பி, சேட்டைப் போட்டுக்கொண்டு, செத்த வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டினேன். வெளியில் இருந்து வர ஆளில்லை, பின்னேரமே அடக்கம் என்றார்கள். இறங்குதுறைக்கு நான் போகும்போது ஆறு மணி. பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் மகன்மார் இருவரும் பெட்டி எடுக்க லோஞ்சில் ஏறிக் குனிந்தபடி இருந்தார்கள். துறையில் சங்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர். நடுவில் மேர்சி. வெள்ளை உடுப்பு, இரட்டைப் பின்னல், கையில் பொலித்தீன் பைக்குள் அனுமதி அட்டையும் கொம்பாஸ் பெட்டியும்.

"பெரியப்பா, லோஞ்சு போகுதுதானே?"

"பெட்டிக்குப் போகுது."

"அப்ப நானும் வாறன்."

"பெட்டிக்குப் போறதிலை வேறை அலுவலுக்கு ஆள் ஏறுறேல்லை. உனக்குத் தெரியாதே?"

"தெரியும். ஒரு மூலையிலை இருக்கிறன். ஒருத்தரோடையும் கதைக்கமாட்டன்."

"மூலையிலை இருந்தாலும் ஏறினது ஏறினதுதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் பஸ்ரியாம்பிள்ளை அப்புவின்ரை அலுவலுக்கே வாறன். கடையிலை பெட்டியைத் தூக்கேக்கை நானும் ஒரு பக்கம் பிடிக்கிறன். பிடிச்சு ஏத்திப்போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறன். அது சரிதானே?"

"செத்த வீட்டிலை பகிடி விடாதை."

"பகிடி இல்லைப் பெரியப்பா. எட்டரைக்குக் கணக்கு."

நான் சுற்றிப் பார்த்தேன். சங்கத்து ஆட்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லோஞ்சுக்குள் மூத்த மகன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். தகப்பன் கிடக்கும்போது இதென்ன கதை என்று கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் வாய் அசைந்தது போலவும் இருந்தது. ஒன்றும் வரமுந்தி நான் கயிற்றை அவிழ்த்து எஞ்சினைத் தட்டினேன்.

முப்பது பேர் இருக்கிற லோஞ்சு. மூன்று பேர் போனோம். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் கையைக் காட்டவும் இல்லை, அழவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். எனக்குப் பின்னால் அந்தப் பலகை வெறுமையாக, எழுத்துகளோடு கிடந்தது. மழை தூறினது. நான் முன்னால் பார்த்து ஓட்டினேன்.

ஊர்காவற்துறையில் பெட்டிக் கடைக்காரனை எழுப்பிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. டிலோன்.

"அண்ணை, மேர்சி இஞ்சை துறையிலை நிக்குது. என்ரை வள்ளம் றெடி. கொண்டந்து விடட்டே? இப்ப ஏழு மணி, வெள்ளனப் போய்ச் சேரலாம்."

"சங்கத்து ஆக்கள் என்ன சொல்லுகினம்?"

"தலைவர் சொன்னால் விடுறமாம். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"டேய், வலை எடுத்ததுக்கு உன்னை மூண்டு நாள் கரையிலை இருத்தினனான். இப்ப என்ரை வீட்டுப் பிள்ளைக்கெண்டு விட்டால் நாளைக்கு உன்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

"என்ரை முகத்தை நீங்கள் ஒருநாளும் பாக்கவேண்டாம் அண்ணை. ஓமெண்டு சொல்லுங்கோ, காணும்."

"வந்து கதைப்பம்" என்று போனை வைத்துவிட்டேன்.

வந்து என்ன கதைக்கிறது? நான் போய்ச் சேர எட்டரை ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரம் அப்படித்தான் வாயில் வந்தது. ஓம் என்று ஒரு சொல். அதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, எட்டாம் வகுப்பே போதும்.

சுவாமியைக் கூட்டப் போனபோது அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார். "அருளப்பு, இண்டைக்குப் பிள்ளையளுக்குச் சோதினை எல்லோ? உம்மடை தீவுப் பிள்ளையள் எப்பிடி வந்ததுகள்?"

"எங்கடை பிள்ளையள் இஞ்சை மடத்திலை நிண்டெல்லோ எழுதுகினம் சுவாமி."

"அது நல்லது" என்றார்.

நாலு பேரை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். சுவாமிக்குப் பொய் சொன்னது அதற்கு முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து துறையில் அணைத்தபோது எட்டு இருபத்தைந்து. அவள் அங்கேயே நின்றாள். மழையில் உடுப்பு நனைந்து, பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்து நனையாமல் பிடித்துக்கொண்டு. சுவாமி அவளைப் பார்த்தார். உடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையை எழுதத் தெரியாது.

"திருப்பும் லோஞ்சை" என்றார். "பெட்டியைப் பிறகு இறக்கலாம். அரை மணித்தியாலம் பிந்தினாலும் உள்ளுக்கு எடுப்பினம். நான் வந்து கதைக்கிறன்."

மேர்சிதான் மறுமொழி சொன்னாள். "வேண்டாம் சுவாமி. இப்ப எட்டு இருவத்தஞ்சு. ஓட்டம் அரை மணித்தியாலம். துறையிலை இருந்து மண்டபத்துக்கு நடை பத்து நிமிஷம். ஒம்பது அஞ்சு. ஒம்பதுக்குக் கதவைப் பூட்டுவினம்."

சுவாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பெட்டி இறங்குவதற்கு வழிவிட்டுத் துறையின் ஓரத்துக்கு ஒதுங்கினாள். பெட்டி அவளைத் தாண்டிப் போகும்போது நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு வீட்டை நோக்கி நடந்தாள். பின்னேரம் அடக்கத்துக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, பாடகர் குழுவில் தன் வழமையான இடத்தில் நின்று பாடினாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. நான் கோயிலுக்குள் போகாமல் வெளியே நின்றேன்.

தம்பி கட்டாரில் இருந்து போன் எடுத்தான். நான் எல்லாம் சொன்னேன், பஸ்ரியாம்பிள்ளை அண்ணை செத்த கதையைத்தான் நீட்டி நீட்டிச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ அங்கை நிண்டனி எல்லோ அண்ணை" என்றான். 

பங்குனியில் பெறுபேறு வந்தது. ஆறு ஏ, இரண்டு பி. கணிதத்துக்கு நேரே வரவில்லை என்று கிடந்தது. மற்ற நாலு பிள்ளைகளில் இரண்டு பேர் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனார்கள். இவள் அடுத்த மார்கழியில் கணக்கு மட்டும் எழுதுவது என்று இருந்தாள். இருக்கிற நேரத்தில் சும்மா இருக்காமல் ஊர்காவற்துறையில் நண்டுச் சதை எடுக்கிற இடத்தில் வேலைக்குப் போனாள். அந்த வருடம் அவளே போய்ச் சிஸ்டரிடம் சொல்லி மடத்தில் தங்கி எழுதினாள். என்னிடம் கேட்கவில்லை. ஏ எடுத்தாள். ஆனால் அந்தப் பெறுபேறு வருவதற்கு முன் ஞானசவுந்தரிக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. கொண்டுபோக ஆள் மேர்சிதான். கணக்குப் படிக்கப் போக வேண்டிய பட்டணத்துக்குத் தாயைக் கூட்டிக்கொண்டு போய், ஆசுபத்திரி வாங்கில் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு வருடம் முந்திப் பட்டணத்தில் நிலைகொண்டிருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன். மூன்று வருடத்தில் தாயும் போய்விட்டாள். இருபத்தொரு வயதில் பேசாலையில் இருந்து பெண் கேட்டு வந்தார்கள். பெடியன் கடற்தொழிலாளி, நல்லவன். கட்டிக்கொடுத்தோம்.

என்னோடு அவள் ஒரு நாளும் கோபித்ததில்லை. தேத்தண்ணி கேட்டால் ஊற்றித் தருவாள். ஆனால் தலைவர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சங்கத்தில் அந்த வழக்கத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் வரும். ஒவ்வொரு வருடமும் வேறு அலுவல் வந்துவிடும். பிறகு சோதனை நாளில் ஒருவரும் சாகவில்லை. அதனால் பெரிதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடம் தை மாதம் பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் மனைவி கத்தரீனா அக்கா என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டா. போகாமல் இருக்க முடியவில்லை. எண்பதைத் தாண்டிய மனிசி, கதிரையில் இருந்தா.

"ஏன் தம்பி, ஏழு வருசமா இந்தப் பக்கம் தலைகாட்டுறீர் இல்லை? நான் உமக்கு என்ன செய்தனான்?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை அக்கா. அண்ணை செய்த வேலை."

"அவர் என்ன செய்தவர்? செத்தவர்."

நான் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அவ குறுக்கே பேசாமல் கேட்டா. முடிய விட்டுச் சொன்னா:

"என்ரை மனிசனுக்கு ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. மேர்சி வந்து பேப்பர் வாசிச்சுக் காட்டுறவள். இவளைப் படிக்க விடுங்கோ எண்டு படுக்கையிலை கிடந்தும் சொல்லுறவர். அண்டைக்கு என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி. மூத்தவன் சொன்னவன், பிள்ளையை ஏத்துங்கோ எண்டு சொல்லத் தான் வாயெடுத்ததெண்டு. நீர் எஞ்சினைத் தட்டிப்போட்டீராம்."

 கோப்பையில் இருந்த தேத்தண்ணி ஆடை கட்டும் மட்டும் அங்கேயே இருந்தேன்.

பங்குனியில், ஓ.எல் நடந்துகொண்டிருக்கிற கிழமையில், எனக்கு நெஞ்சுக்குள் பிடித்தது. யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் மேர்சி பேசாலையில் இருந்து பஸ் ஏறி வந்தாள், இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தையோடு. தோடம்பழம் உரித்துத் தந்தாள். நான் கத்தரீனா அக்கா சொன்னதை அவளுக்குச் சொன்னேன். சொல்லாமல் கிடந்து செத்துப்போகக்கூடாது என்று இருந்தது.

"எனக்குத் தெரியும் பெரியப்பா" என்றாள். "மூத்த அண்ணை அடக்கத்தண்டைக்கே எனக்குச் சொல்லிப்போட்டார்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குக் கோவிக்க ஒரு ஆள் வேணுமாய் இருந்துது. பஸ்ரியாம்பிள்ளை அப்பு பாவம், ஒண்டும் சொல்லமாட்டார் எண்டு விட்டிட்டன்."

குழந்தை என் கையில் ஊசி ஏற்றியிருந்த குழாயைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் கையை விலக்கினாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன்.

போக எழும்பினவள் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"பெரியப்பா, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?"

"கேள்."

"நீங்கள் இப்ப சாகமாட்டியள். டொக்டர் சொல்லிப்போட்டார். ஆனால் ஒரு நாளைக்குச் சாவியள்தானே."

"ஓம்."

"சோதினை மாசத்திலை சாகவும் கூடும்."

"கூடும்."

"சங்கத்திலை வழக்கத்தை மாத்துங்கோ எண்டு நான் கேட்கேல்லை. அது கதைச்சுக் கதைச்சே போயிடும். உங்கடை சாவு உங்கடைதானே. வீட்டை போனவுடனை சங்கத்துக் கூட்டப் புத்தகத்தை எடுத்து, ஒருத்தரையும் கேளாமல் உங்கடை கையாலை எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ. நான் செத்துக் கிடக்கிற நாளிலை சோதினைக்குப் போற பிள்ளை ஒண்டு துறையிலை நிண்டால், முதல் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டிட்டுத்தான் எனக்குப் பெட்டி எடுக்கவேணும் எண்டு எழுதுங்கோ."